தவறான உதாரணம்

பிப்ரவரி 9

நாத்தனார் அவர்களுக்கு,

போனில் பேசியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் போன் மணி அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அத்தை முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவர். இன்றைக்கும் மணி கேட்டதும் எழுந்து, இல்லாத ஹெட்செட்டைத் தேடி அலமாரியைக் கலைத்து, "கொஞ்சம் லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று சுவரிடம் கெஞ்சுவார். அப்புறம் அன்றைக்கு முழுக்க யாருக்கும் நிம்மதி இல்லை. அதனால் எல்லா மணியையும் அடைத்து வைத்திருக்கிறேன். தவிர, உங்கள் குரலைக் கேட்டால் வாயில் வரக்கூடாதது வந்துவிடும். எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

அத்தையைப் பார்த்துக்கொள்ள உங்கள் பயிற்சி நிலையத்தில் படித்துத் தேறிய ஒரு பெண்ணை அனுப்பி வைத்தீர்களே, அவள் போன திங்கட்கிழமை வந்தாள். நல்ல உயரம். அத்தை பார்த்த உடனேயே "நெட்டை" என்று பெயர் வைத்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம். நல்ல பெண்தான், அவள்மேல் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வந்த நாளிலிருந்து நான் வாயைத் திறந்தால் போதும், ஏதோ பாம்பைப் பார்த்த மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க குரல நான் முன்னாடியே கேட்டிருக்கேன்."

"எங்க?"

"வகுப்புல. ஒரு படம் போடுவாங்க. பாத்ரூம்ல ஒரு அம்மா குழாயப் புடிச்சிக்கிட்டு விடமாட்டாங்க. ஒருத்தங்க அவங்க விரல ஒண்ணொண்ணா பிரிச்சு எடுப்பாங்க. 'விடுங்கன்னா விடுங்க, செவுடா நீங்க'ன்னு கத்துவாங்க. அப்புறம் கையில ஒரு அடி."

"அது என்ன பாடம்?"

அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். "தவறான உதாரணம்க்கா. இதுல எத்தன தப்பு இருக்குன்னு எழுதச் சொல்வாங்க. நான் ஒன்பது எழுதினேன். ஒருத்தி பதினொண்ணு எழுதினா. அவளுக்கு மேடம் கைதட்டச் சொன்னாங்க."

மேடம் யார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷத்துக்கு முன்பு நீங்கள் நாலு நாள் வந்து தங்கியபோது, "டாக்டர்கிட்ட காட்டணும் அண்ணி, அம்மா எப்படி நடந்துக்கறாங்கன்னு அவர் பார்க்கணும்" என்று சொல்லி எடுத்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று இதுவரைக்கும் நீங்கள் சொல்லவில்லை. இப்போதுதான் புரிகிறது, அந்த டாக்டருக்கு ஒரு பேட்சுக்கு முப்பது தலை.

ஒரே ஒரு உதவி. அந்தப் பதினோரு தப்பையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு ஏழுதான் வருகிறது.

அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

பத்தொன்பது வருஷமாக "நீ, வா, போ" என்று கூப்பிட்ட நீங்கள் "நாத்தனார் அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு மற்றதை நின்றுகொண்டேதான் படித்தேன்.

முதலில் உண்மையை உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் உங்கள் முகம் கிடையாது, அம்மா முகமும் கிடையாது. கைகள் மட்டும்தான், கூடக் குரல். நெட்டை குரலை வைத்தே உங்களைக் கண்டுபிடிப்பாள் என்று நான் எப்படி நினைப்பேன்? அந்தப் பேட்சிலேயே கெட்டிக்காரி அவள்தான். அம்மாவுக்கு நல்ல ஆள் வேண்டும் என்றுதான் அவளை அனுப்பினேன்.

நடிகர்களை வைத்து எடுத்த படங்களைப் போட்டால் மாணவிகள் சிரிக்கிறார்கள் அண்ணி. யாரோ பவுடர் பூசிய ஒரு அம்மா அழகாக அழுகிறாள் என்று கிண்டல். உங்கள் படத்தைப் போட்டால் வகுப்பு அடங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டுப் போகிற எத்தனையோ பெண்கள் வேலை பார்க்கும் வீடுகளில் கையை ஓங்காமல் இருக்கிறார்கள். அந்தப் படத்தால் ஊரில் எத்தனையோ வயதானவர்களுக்கு அடி விழாமல் இருக்கிறது. அதையும் நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

தவறை மட்டும் காட்டிவிட்டு விடுவதில்லை. சரியான வழியையும் சொல்லித் தருகிறேன். நோயாளியின் உலகத்துக்குள் நாம் போகவேண்டும், அவரை நம் உலகத்துக்கு இழுக்கக் கூடாது. அம்மா வேலையில் இருப்பதாக நினைக்கிறாளா, சரி, "உங்க ஷிப்ட் முடிஞ்சிடுச்சு மேடம், அடுத்த ஆள் வந்தாச்சு" என்று சொல்லி எழுப்பினால் தானாகக் குழாயை விட்டுவிட்டு வருவாள். "பணிமாற்ற அணுகுமுறை" என்று அதற்குப் பெயர். எங்கள் கையேட்டில் முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. வேறு இரண்டு நிலையங்களிலும் அதை இப்போது சொல்லித்தருகிறார்கள்.

உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சின்னவள்


பிப்ரவரி 20

நாத்தனார் அவர்களுக்கு,

"புண்பட்டிருந்தால்". பட்டிருக்குமோ பட்டிருக்காதோ என்று உங்களுக்கு இன்னும் சந்தேகம். இருக்கட்டும்.

முப்பத்தோராம் பக்கத்தைப் படித்தேன். நெட்டையிடம் கையேட்டைக் கொண்டுவரச் சொல்லி வாங்கிப் படித்தேன். கீழே உங்கள் பெயரும் இருக்கிறது. "பணிமாற்ற அணுகுமுறை" பெயர் பிரமாதம். நானாக இருந்தால் "ஹேர்பேண்ட் முறை" என்றுதான் வைத்திருப்பேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் உங்களுக்கு எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? அத்தை ஒன்பது நாள் குளிக்கவில்லை, முதுகில் அரிப்பு, சொரிந்து சொரிந்து ரத்தம். என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். பத்தாம் நாள் என் பழைய ஹேர்பேண்டை அவர் தலையில் மாட்டி, "மேடம், உங்க டியூட்டி முடிஞ்சிடுச்சு, நான் வந்துட்டேன், ஹெட்செட்டக் கழட்டிக் குடுங்க" என்றேன். கழட்டி என் தலையில் மாட்டிவிட்டு, "ஏழாம் லைன் தகராறு பண்ணுது, பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு, சொன்ன சொல் தட்டாமல் குளிக்கப் போனார். சந்தோஷத்தில் அந்த ஈரக் கையோடேயே உங்களுக்கு மூன்று பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரிகூட மாறாமல் உங்கள் கையேட்டில் இருக்கிறது, என்னைத் தவிர. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். தப்புக்கு என் குரல், சரிக்கு உங்கள் பெயர். நல்ல பங்கீடு.

சண்டை போட இதை எழுதவில்லை. ஒரு விஷயம் தெரிவிக்க எழுதுகிறேன். இரண்டு வாரமாக நான் அத்தையைத் தொடவில்லை. துண்டை எடுக்கிறேன், திருப்பிக் கொடியிலேயே போட்டுவிடுகிறேன். பின்னால் முப்பது பேர் உட்கார்ந்து எண்ணுவது மாதிரி இருக்கிறது. நெட்டை வருகிற மூன்று நாள்தான் அவருக்குக் குளியல். மற்ற நாளில் உங்கள் அண்ணன் முகம் துடைத்துவிடுகிறார்.

ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் இருக்கிற முதியோர் காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரே ஹாலில் நாற்பது கட்டில். சுத்தமாகத்தான் இருக்கிறது. யாரும் யாரோடும் பேசவில்லை. ஏப்ரல் முதல் தேதி ஒரு கட்டில் காலியாகிறதாம். படிவத்தில் உங்கள் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். "உங்க அம்மாவாச்சே, ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டேன். அந்த மனுஷன் வாயைத் திறப்பது கொட்டாவிக்குத்தான். "நீ எது செஞ்சாலும் சரி" என்றார். இனிமேல் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அண்ணி


மார்ச் 1

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. நாலு பதில் எழுதிக் கிழித்தேன். நாலிலும் நான் நல்லவளாக இருந்தேன்.

நாலு நாள் முன்பு புது பேட்சுக்கு அந்தப் படத்தைப் போட்டேன். ஏன் போட்டேன்? பாடத்திட்டத்தில் மாதக் கடைசிக்குள் முடிக்கவேண்டும் என்று எழுதியிருந்தது, பழக்கம், வேறென்ன சொல்ல. எல்லோரும் தலையைக் குனிந்து எழுதினார்கள். கடைசி பெஞ்சில் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும், இருபது வருஷம் ஆஸ்டலில் சமையல் செய்தவர். அவர் மட்டும் எழுதவில்லை. கையைத் தூக்கினார்.

"மேடம், அந்தப் படத்த எடுத்தது யாரு?"

"அது இப்போ முக்கியமில்லம்மா."

"எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. ஒருத்தி ஒண்டியா நின்னு மல்லாடுறா. இன்னொருத்தி ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டுப் படம் எடுக்குறா. ஒரு கை குடுத்திருந்தா அந்த அடி விழுந்திருக்குமா? முதல் தப்பு அதுதான?"

இத்தனை பேட்சில் ஒருத்திகூட இதைக் கேட்டதில்லை. பதினோரு தப்பு எழுதியவளும் கேட்கவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "நான்தான் எடுத்தேன். அது என் அம்மா. அடிச்சது என் அண்ணி" என்றேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை வகுப்பில் சொன்னேன், உங்களுக்கும் சொல்லவேண்டும். படம் அந்த இடத்தில் தொடங்கவில்லை. அதற்கு முன் ஒன்பது விநாடி உண்டு. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்து, "சின்னவளே, போன வெச்சிட்டு அம்மா தோளக் கொஞ்சம் புடி, எனக்கு இடுப்பு போகுது" என்று சொல்கிறீர்கள். நான் பிடிக்கவில்லை. "ஒரு நிமிஷம் அண்ணி" என்றேன். அந்த ஒன்பது விநாடியை நான் வெட்டிவிட்டேன். பாடத்துக்குத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதே சோற்றைப் பரிமாறியும் வந்திருக்கிறேன்.

ஹேர்பேண்ட் விஷயத்தையும் சொன்னேன். இயக்குநர் கூப்பிட்டார். அனுமதி இல்லாமல் குடும்பத்தைப் படம் எடுத்துக் காட்டியதற்கு இரண்டு மாதம் வகுப்பு எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். படத்தின் மூன்று பிரதியையும் வாங்கி என் கையால் அழித்தேன். கையேட்டில் முப்பத்தோராம் பக்கத்தைத் திருத்தி ஒட்டுகிறார்கள். "ஒரு மருமகள் கண்டுபிடித்தது" என்று இருக்கும்.

இதெல்லாம் செய்தால் நீங்கள் என்னை மன்னிக்கவேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் என்மேல் இருக்கிற கோபத்துக்கு அம்மாவை அந்த நாற்பது கட்டிலில் ஒன்றாக்கிவிடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சின்னவள்


மார்ச் 8

சின்னவளுக்கு,

அந்த ஒன்பது விநாடி எனக்கே மறந்துபோயிருந்தது. படித்ததும் நன்றாக அழுதேன். யாராவது ஒருத்தி எனக்காகக் கேட்டாளே என்றுதான் அழுதேன். அந்த ஆஸ்டல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அழுது முடித்ததும் வெட்கமாகப் போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன். நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். என்னுடையது இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது.

உன் படத்தில் இருப்பது கையில் ஒரு அடி. அதை மனசுக்குள் ஆயிரம் தடவை நியாயப்படுத்திவிட்டேன்: இடுப்பு வலி, ஈரத் தரை, நீ வேடிக்கை பார்த்தாய், எல்லாம். போன செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. அப்போது இடுப்பு வலி இல்லை. ஈரத் தரை இல்லை. மத்தியானம், ஜன்னல் திறந்திருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "என்ன நம்பர் வேணும்?" என்று அத்தை கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். ஒரு கூடைத் துணி மடிக்கிற வரைக்கும் கேட்டார். கடைசியில் எழுந்து போய் கன்னத்தில் அறைந்தேன். மூக்குக்கண்ணாடி எகிறிக் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. அதன் ஒரு கால் வளைந்துவிட்டது. பாத்ரூமில் விழுந்துவிட்டது என்று உன் அண்ணனிடம் சொல்லிச் சரி செய்யக் கொடுத்தேன். அவர் நம்பினார். நம்பாமலும் இருந்திருக்கலாம்.

கால் மணி நேரம் கழித்து அவர் முன்னால் மண்டி போட்டு, "அத்தை, என்ன மன்னிச்சிடுங்க, இனிமே செய்ய மாட்டேன்" என்றேன். "அதனால பரவால்லைங்க, எந்த ஊர்லேருந்து பேசறீங்க?" என்றார். சின்னவளே, அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். யாரிடம் போய் மன்னிப்பு வாங்குவது?

அதனால் காப்பகம் உன்மேல் கோபத்தால் அல்ல. நெட்டை வந்து அந்தப் படத்தைச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். அதற்குள்ளே இருந்தது பயம். வெளியே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று பயம். என் கைமேல் எனக்கே பயம். அடிக்கிற கையிடம் இருப்பதைவிட யாரும் பேசாத ஹாலில் இருப்பது மேல் என்று நினைத்துத்தான் படிவம் வாங்கினேன்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. உன் வகுப்பில் அடிக்காதவர்களுக்குத்தான் இடமா? அடித்தவர்களையும் சேர்ப்பார்களா?

அண்ணி


மார்ச் 13

அண்ணி,

சேர்ப்பார்கள். சேர்த்தாகிவிட்டது. மார்ச் 31 முதல் பன்னிரண்டு நாள் பகல் வகுப்பு. நடத்துவது நான் இல்லை, என்னோடு வேலை பார்க்கும் பெரியம்மா ஒருவர், முன்னாள் நர்ஸ், வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். என் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். உங்கள் வசதிக்குப் படுக்கையை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதியதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அண்ணனிடம்கூட.

அந்தப் பன்னிரண்டு நாளும் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத்தான் வகுப்பு இல்லையே. நெட்டைக்கும் லீவு கொடுத்துவிடுங்கள். ஆறு வருஷமாக இதையே பாடம் நடத்துகிறவளுக்கு உதவியாள் எதற்கு? காப்பகத்தாரிடம் கட்டிலை ஒரு மாதம் யாருக்காவது கொடுக்கச் சொல்லி எழுதிவிடுங்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகும் அனுப்பத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், நானே பையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 3

அண்ணி,

அண்ணன் வேலைக்குப் போயிருக்கிறார். அம்மா தூங்குகிறாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இன்று காலை அம்மாவை அடித்துவிட்டேன்.

வந்து நாலாம் நாள்தான். முதல் நாள் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஹேர்பேண்ட், ஷிப்ட், "ஏழாம் லைன்", எல்லாம். எனக்குள்ளே கொஞ்சம் பெருமைகூட வந்தது, அண்ணிக்கு ஏன் இது இவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று. இரண்டாம் நாள் ஹேர்பேண்டைப் பிடுங்கி எறிந்தாள். "நீ யாரு? உன்ன நான் ட்யூட்டியில பாத்ததே இல்ல. சூப்பர்வைசர வரச் சொல்லு" என்றாள். மூன்றாம் நாள் வாயில் இருந்த மாத்திரையை என் முகத்தில் துப்பினாள். இன்று குழாயைப் பிடித்துக்கொண்டாள். அதே குழாய். நான் மெதுவாகத்தான் சொன்னேன். பாடத்தில் இருக்கிற எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் "அவ எங்க? நல்ல பொண்ணு ஒருத்தி இருப்பாளே, அவள வரச் சொல்லு" என்று உங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் பெயர் அவள் வாயில் வரவே இல்லை. எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. அவள் மணிக்கட்டில் அடித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

சுடுதண்ணீர் கொட்டிவிடும் என்று பயந்து அடித்தேன் என்று சாக்கு சொல்லலாம். பச்சைத் தண்ணீர்தான் அண்ணி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு நாலு நாளில் தெரிந்துவிட்டது. நீங்கள் ஐந்து வருஷம் இந்த பாத்ரூமில் நின்றிருக்கிறீர்கள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் தவறான உதாரணம் கேட்டால் இதைச் சொல்லுங்கள். பாடம் நடத்துகிற நாத்தனார் செய்தாள் என்றே சொல்லுங்கள். காப்பகத்துக்கு அனுப்பவேண்டும் என்று இனி நீங்கள் சொன்னால் மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. அவளுக்கு என்னைப் பார்த்தால் பயமாக இருக்குமோ என்று எழுப்பப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 6

சின்னவளே,

முதலில் மணிக்கட்டைப் பார். வீங்கியிருந்தால் ஈரத்துணி சுற்றிவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல். நான் கண்ணாடிக்குச் சொன்ன மாதிரி பொய் சொல்லாதே, அது உள்ளேயே இருந்து அரிக்கும்.

நெட்டையைக் கடிதம் கிடைத்த அன்றைக்கே வரச் சொல்லி எழுதிவிட்டேன். நீ வேண்டாம் என்று சொன்னதும் தலையாட்டியது என் தப்பு. உன் அண்ணனுக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், என்னுடையதையும் சேர்த்து. கொட்டாவி விட்டது போதும், காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வேலைக்குப் போங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. என்னைப் பற்றிச் சொன்னேன். நேற்று பெரியம்மா, "கோபம் வந்தா ரூம விட்டு வெளிய போயிடுங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க" என்று பாடம் சொன்னார். "வெளிய போற அஞ்சு நிமிஷம் உள்ள யாருங்க இருப்பாங்க?" என்று நான் கேட்டேன். ஆள் இரண்டு பேர் இருந்தால்தான் அந்தப் பாடம் நடக்கும். அதனால் காப்பகத்துக்கு வேண்டாம் என்று இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். மாதத்தில் பத்து நாள் நீ வரவேண்டும். லீவு கிடைக்காது, வகுப்பு இருக்கிறது என்றெல்லாம் என்னிடம் சொல்லாதே. ஒருத்தி கை ஓங்கினால் இன்னொருத்தி துண்டை வாங்கிக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும். அத்தைக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது, உன்னைப் பார்த்தால் எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்பார். உனக்கு மட்டும் அந்த அடியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நிற்கும் நிற்கும் என்று காத்திருக்காதே, எனக்கு ஏழு மாசமாகக் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே குளிப்பாட்டலாம். நான் குளிப்பாட்டியிருக்கிறேன்.

அண்ணி